பெருங்களூரிலிருந்து தாஜ்மகாலுக்கு

தன் கதை சினிமாவாகப் போகிறது என்ற செய்தி வந்தவுடன் நம் எழுத்தாளர்களில் ஒரு சாரார் எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். இன்னொரு சாரார், அதாவது சிற்றிதழ் வட்டாரத்தைச் சேர்ந்தவர்கள், தங்கள் எழுத்தை எவராலும் படமாக்க முடியாது என்பதை ஒரு பதக்கம்போலக் குத்திக்கொண்டு திரிகிறார்கள். பெரும்பாலும் எவரும் முயன்று பார்த்திருக்க மாட்டார்கள். இந்த இரு சாராரிடமிருந்தும் தப்பிவிடுகிற கேள்வி ஒன்று உண்டு. எழுத்தில் ஒரு கதையைச் சொன்னவன் அதையே மேடையிலும் திரையிலும் சொல்ல முற்படும்போது தன்னோடு எதை எடுத்துக்கொண்டு போகிறான்? கதைச் சுருக்கத்தையா, வேறு எதையாவதா?

இதை விவாதிக்க மேல்நாட்டு ஆசிரியர்களை அழைத்துவர வேண்டியதில்லை. புதுக்கோட்டை மாவட்டம் ஒன்றே போதும். சமஸ்தானமாக இருந்து 1948-ல் இந்திய யூனியனோடு இணைந்து, 1974-ல் தனி மாவட்டமான இந்தச் சிறு நிலப்பரப்பு அகிலனைத் தந்திருக்கிறது, பி.யு. சின்னப்பாவைத் தந்திருக்கிறது, திருவிழாக் காலங்களில் விடிய விடிய ஸ்பெஷல் நாடகம் நடக்கிற வட்டாரமாக இன்றும் இருந்துகொண்டிருக்கிறது. தொடர்கதை, சினிமா, மேடை என்ற மூன்று சாதனங்களும் ஒரே வட்டாரத்து மனிதர்கள் மூலம் பரிசோதிக்கப்பட்டிருக்கின்றன. (ஊடகம் என்கிறார்கள் இப்போது. நான் படித்துப் பழகிய பத்திரிகைகளில் சாதனம் என்றே எழுதினார்கள். அந்தச் சொல்லே இருக்கட்டும். ஊடகம் என்றால் ஊடே கடந்து போகிற வழி என்று தொனிக்கிறது. சாதனம் கையிலெடுத்துப் பழக வேண்டிய பொருள்.)

பெருங்களூர் அகிலன் (1922–1988) ரயில்வே அஞ்சல் பிரிவில் வேலை பார்த்தவர். பிறகு வானொலி நிலையத்தில் பணியாற்றியவர். அவருடைய 'பாவை விளக்கு' கல்கியில் தொடராக வந்து, 1960-ல் கே. சோமுவின் இயக்கத்தில் சிவாஜி கணேசன் நடித்த படமாயிற்று. 'வாழ்வு எங்கே' 1963-ல் ஏ.பி. நாகராஜன் இயக்கிய 'குலமகள் ராதை' ஆயிற்று. அதே 1963-ம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற 'வேங்கையின் மைந்தன்' சிவாஜியின் நாடக மன்றத்தால் மேடையேற்றப்பட்டது. 'கயல்விழி', எம்.ஜி.ஆர். தாமே இயக்கி நடித்து 1978-ல் வெளிவந்த 'மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்'. 'சித்திரப்பாவை'க்கு 1975-ம் ஆண்டுக்கான ஞானபீடம். தமிழுக்குக் கிடைத்த முதல் ஞானபீடம் அது. அந்தப் பரிசையொட்டி எழுந்த கண்டனங்கள், குறிப்பாகச் சுந்தர ராமசாமியுடையது, இந்தப் பக்கங்களின் வாசகருக்குத் தெரிந்த சரித்திரம். அந்த வழக்கை நான் மறுவிசாரணைக்கு எடுக்கவில்லை. அகிலனைப் படிக்க வேண்டியதில்லை என்று முடிவு செய்த சிற்றிதழ் வட்டாரம், அவர் கதைகள் போய்ச் சேர்ந்த இடங்களையும் பார்க்க வேண்டியதில்லை என்று முடிவு செய்துவிட்டது. அந்த இடங்களில்தான் நமக்கு வேண்டிய பாடம் கிடக்கிறது.

முதலில் தலைப்புகளைப் பாருங்கள். 'வாழ்வு எங்கே' என்பது ஒரு கேள்வி. சாதாரணக் கேள்விதான், இருந்தாலும் கேள்வி. 'குலமகள் ராதை' என்பது ஒரு பெண்ணுக்கு வழங்கப்பட்ட நன்னடத்தைச் சான்றிதழ். நாவலாக இருந்தவரை வாசகன் தேடிப் போக வேண்டியதாக இருந்தது, திரைக்கு வருவதற்குள் முத்திரை குத்தி முடிக்கப்பட்டுவிட்டது. 'கயல்விழி' பெண்ணின் பெயர். படத்தின் பெயரில் அவள் இல்லை; ஓர் ஆணின் வெற்றி இருக்கிறது. எம்.ஜி.ஆர். முதலமைச்சராகப் பதவியேற்றது 1977 ஜூன் 30. படம் வந்தது 1978 பொங்கலுக்கு. மீட்டவர் யார், மீட்கப்பட்டது எது என்பதில் கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்களில் எவருக்கும் மயக்கம் இருந்திருக்காது. பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பாண்டியனைப் பற்றிய ஒரு கதை, அந்த வருஷத்துத் தமிழ்நாட்டு அரசியலின் வாழ்த்துரையாகிவிட்டது.

இதற்கு அகிலனைப் பொறுப்பாளியாக்குவது நியாயமில்லை. தலைப்பு வைக்கிற அதிகாரம் எழுத்தாளனிடம் இருந்ததில்லை. ஆனால் இவ்வளவு சுலபமாக வேறு பெயர் சூட்டிக்கொள்ள அந்தக் கதை எப்படி இணங்கியது என்று கேட்கலாம். ஒரு படைப்பு தான் பிறந்த சாதனத்தில் வேர் பிடித்திருந்தால், பெயர்த்தெடுக்கும்போது கொஞ்சமாவது எதிர்க்கும். மண்ணும் சல்லிவேருமாக வரும். சில வேர் அறுந்து போகும். தொட்டியில் வளர்த்த செடிக்கு இந்தத் தொல்லை இல்லை. தொட்டியோடு தூக்கி எந்த வீட்டு வாசலிலும் வைக்கலாம். அகிலனின் நாவல்களில் உரையாடல் பெரும்பாலும் மேடையில் நின்று பேசுவதுபோலவே அமைந்திருக்கிறது. லட்சியவாதமும் துரோகமும் தனித்தனி ஆட்களாக நடமாடுகின்றன. சினிமாக்காரர்கள் அவரைத் தேடி வந்ததற்கு அவருடைய புகழ் மட்டும் காரணமல்ல. பாதி வேலை முடிந்திருந்தது.

'பாவை விளக்கு' விஷயம் கொஞ்சம் வேறு; அதனால் அதில் சற்று நிற்க வேண்டும். அதன் தலைப்பை யாரும் மாற்றவில்லை. கதாநாயகன் தணிகாசலம் ஓர் எழுத்தாளன். அவனைச் சுற்றி தேவகி, கௌரி, செங்கமலம், உமா என்று பெண்கள். இவர்களில் உமா அவன் எழுத்தின் மூலமாக அவனிடம் வந்து சேர்கிற வாசகி. இப்போது இந்தத் தொடர் கல்கியில் வந்துகொண்டிருந்த நாட்களை நினைத்துப் பார்க்கிறேன். வாரம் ஒருமுறை பத்திரிகை வருகிறது. வீட்டு வேலை முடிந்த மத்தியானத்தில் ஒரு பெண் அதைப் பிரிக்கிறாள். ஓர் எழுத்தாளனை வாசித்து வாசித்து அவனிடம் மனதைப் பறிகொடுத்த ஒரு பெண்ணைப் பற்றி அவள் வாசிக்கிறாள். பிறகு ஆறு நாள் காத்திருக்கிறாள். வாசிக்கப்படுகிறவளும் வாசிக்கிறவளும் ஒரு கண்ணாடியின் இரு புறமும் நிற்கிறார்கள். இது எழுத்தில், அதிலும் தொடர்கதையில் மட்டுமே நடக்கக்கூடிய காரியம். அந்த ஆறு நாள் காத்திருப்பும் கதையின் ஒரு பகுதி.

இதுதான் 'பாவை விளக்'கின் வேர். அகிலனுக்கே இது தெரிந்திருந்ததா என்று எனக்குச் சந்தேகம்; நாவல் இதை ஒரு பிரச்னையாக எடுத்துக்கொள்ளவில்லை, உமாவின் பக்தியை எழுத்தாளனுக்குக் கிடைத்த காணிக்கையாகவே எடுத்துக்கொள்கிறது. படத்துக்கு வரும்போது அந்த வேர் அறுகிறது. கொட்டகையில் இருப்பவர்கள் வாசகர்கள் அல்லவே. தணிகாசலம் எழுதுகிறான் என்றால் திரையில் என்ன தெரியும்? பேனா தெரியும், காகிதம் தெரியும், சிவாஜியின் நெற்றிச் சுருக்கம் தெரியும். எழுத்து தெரியாது. எழுத்தின் இடத்தை நிரப்ப ஏதாவது வேண்டும். கே.வி. மகாதேவனின் இசை வருகிறது, சி.எஸ். ஜெயராமனின் குரல் வருகிறது, தாஜ்மகாலே வருகிறது. ஆக்ராவுக்குப் போய் உண்மையான தாஜ்மகாலின் முன்னால் சிவாஜியையும் எம்.என். ராஜத்தையும் பாடவைத்துப் படமெடுத்தார்கள். பாட்டு இன்றும் நன்றாக இருக்கிறது. நான் அதைக் கேட்காமல் கடந்து போவதில்லை. ஆனால் கவனியுங்கள்: வாசகிக்கும் எழுத்தாளனுக்கும் நடுவில் இருந்த மெல்லிய, சற்று ஆபத்தான உறவின் இடத்தில் உலகத்துக்கெல்லாம் தெரிந்த ஒரு பளிங்குக் கட்டடம் நிற்கிறது. கண்ணாடிக்குப் பதில் கல்லறை.

நான் சொல்ல வருவது படம் நாவலுக்குத் துரோகம் செய்தது என்பதல்ல. அந்தப் புலம்பல் அலுத்துவிட்டது. வாசகியைப் பார்வையாளராக மாற்றுவது எப்படி என்று யோசிக்க வேண்டிய இடத்தில் எழுத்தாளன் இல்லை என்பதுதான் விஷயம். சினிமாவில் ஒரு பெண் ஒரு நடிகனின் நிழலைத் திரையில் பார்த்து மயங்குவது என்று ஆக்கியிருந்தால் அந்தக் கண்ணாடி திரும்பவும் கிடைத்திருக்கும். எதிரில் உட்கார்ந்திருக்கிற ஆயிரம் பேரில் எத்தனை பேர் சிவாஜியை அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்! கதையை மாற்றினால்தான் கதை நிலைத்திருக்கும் என்ற இடம் அது. அந்த மாற்றத்தை நாவலாசிரியனைத் தவிர வேறு யாரும் கேட்டிருக்க முடியாது. அவர் அதைக் கேட்க சினிமாவின் பக்கத்திலிருந்து தன் நாவலைப் பார்த்திருக்க வேண்டும்.

'வேங்கையின் மைந்த'னைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. அதன் நாயகன் இளங்கோ கொடும்பாளூர் இளவரசன். கொடும்பாளூர் எங்கள் மாவட்டத்து ஊர். மூவர் கோயில் என்று பேர், இரண்டு கோயில்கள்தான் நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் தரையோடு கிடக்கிறது. அந்த வெற்று அடித்தளத்தின் முன் நிற்கிறவனுக்கு ஏற்படுகிற உணர்வு நாவலில் இல்லை, நாடகத்துத் திரைச்சீலையில் இருந்திருக்க நியாயமில்லை, 2022-லும் 2023-லும் கொடும்பாளூர் வானதியைக் காட்டிய 'பொன்னியின் செல்வன்' படங்களிலும் இல்லை. எல்லோரும் மூன்றாவது கோயிலையும் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள்.

அகிலனுக்கு முந்திய தலைமுறைக்கு வருகிறேன். புதுக்கோட்டையில் 1916-ல் பிறந்த சின்னப்பா, பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்த நடிகர். அவர் எழுத்தாளர் அல்ல என்றாலும், எழுத்து வேறு சாதனத்துக்குப் போகும் விதத்தை அவர் நடித்த படங்களிலிருந்து தெரிந்துகொள்ளலாம். 'உத்தமபுத்திர'னில் (1940) ஒரு பிரெஞ்சு நாவல் ஹாலிவுட் வழியாகச் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தது; தமிழ் சினிமாவின் முதல் இரட்டை வேடம் சின்னப்பாவுக்குக் கிடைத்தது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதே கம்பெனி, அதே டி.ஆர். சுந்தரம், 1942-ல் எடுத்த 'மனோன்மணி'. சின்னப்பா புருஷோத்தமன், டி.ஆர். ராஜகுமாரி மனோன்மணி.

இந்தக் கதையின் பயணத்தைப் பாருங்கள். லிட்டன் பிரபு ஆங்கிலத்தில் கதைக்கவிதையாக எழுதினார். திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்த பெ. சுந்தரம் பிள்ளை அதைப் பாண்டிய நாட்டுக்குக் கொண்டுவந்து ஆசிரியப்பாவில் நாடகமாக்கினார், 1891-ல் 'மனோன்மணீயம்'. நடிப்பதற்கல்ல, படிப்பதற்கு. மேடைக்கென்று ஏற்பட்ட வடிவத்தை எடுத்து மேடையில்லாமல் எழுதினார் என்பது ஒரு வேடிக்கை. ஐம்பத்தொரு வருஷம் கழித்து அதற்கு நடிகர்களும் பாட்டுகளும் கிடைத்தன. ஒருவரையொருவர் பார்த்திராத காதலர்கள் கனவில் சந்திக்கிறார்கள் என்ற கதை சினிமாவுக்காகவே காத்திருந்ததுபோலத் தோன்றும். செய்யுளில் கனவை ஒருத்தி சொல்லத்தான் முடியும். திரையில் கனவையே காட்டலாம். ஆனால் 1942-ல் தமிழ் சினிமாவுக்கு முக்கியமானது சின்னப்பாவின் குரல். அந்தக் குரலுக்கு ஆசிரியப்பா தேவைப்படவில்லை.

இன்று 'மனோன்மணீய'த்தைப் பாடப்புத்தகத்துக்கு வெளியே படிப்பவர் அபூர்வம். படத்தைப் பார்த்தவரைக் காண்பதும் அபூர்வம். ஆனால் நாடகத்தின் முகப்பில் சுந்தரம் பிள்ளை வைத்த தமிழ்த் தெய்வ வணக்கத்தைத் தமிழ்நாட்டில் கேட்டிராத ஆளே இல்லை. சில அடிகளை நீக்கி 1970-ல் அரசு அதைத் தமிழ்த்தாய் வாழ்த்தாக்கிற்று, எம்.எஸ். விஸ்வநாதன் மோகனத்தில் மெட்டமைத்தார். 2021-ல் மாநிலப் பாடலென்று அறிவிக்கப்பட்டது. கதை முழுவதும் பின்தங்கிவிட்டது, கதைக்கு வெளியே வாசலில் நின்ற பாட்டு மட்டும் பள்ளிக்கூட மைதானங்கள்வரை வந்துவிட்டது. ஏனென்றால் அது ஒன்றுதான் அச்சில் இருந்தபோதும் வாயில் இருக்க வேண்டியதாக இருந்தது. நாடகத்தின் மற்ற வரிகள் அகவலில் அமைந்தவை. கண்ணுக்கும் அறிவுக்கும் எழுதப்பட்டவை. அவற்றைக் குரலுக்கு மாற்றுகிற பொறுப்பை எவரும் ஏற்கவில்லை.

ஒலியை எழுத்தில் பிடித்து வைத்துவிடலாம் என்ற நம்பிக்கை எங்கள் மாவட்டத்தில் மிகப் பழையது. புதுக்கோட்டைக்குச் சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி, குடுமியான்மலைப் பாறைச் சரிவில், கிரந்த எழுத்தில் இசைக் கல்வெட்டு இருக்கிறது. எழுத்தமைதியை வைத்து ஏழாம் நூற்றாண்டு என்கிறார்கள். ஏழு பகுதிகளாகச் சுரவரிசைகள். ர, ரி, ரு, ரெ என்று சுரத்தின் உயிரெழுத்து மாறிக்கொண்டே போகிறது. அந்த மாற்றம் எதைக் குறிக்கிறது என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. கல் ஒரு எழுத்தைக்கூட இழக்கவில்லை என்று வைத்துக்கொண்டாலும் அதைப் பார்த்துப் பாட முடிகிறவன் இல்லை. வாசித்துக் காட்டிய கை போனபோது வாசிப்பும் போய்விட்டது.

கையும் குரலும் தொடர்ந்து இருந்து, எழுத்து மெலிந்து நிற்கிற இடம் ஸ்பெஷல் நாடகம். சின்னப்பாவும் அதன் வழியாக வந்தவர்தான். பாய்ஸ் கம்பெனியில் பாடி நடிக்கிற பையனுக்கு மகரக்கட்டு என்றால் மரணம் மாதிரி. குரல் உடைந்த அன்றோடு பாட்டும் வேஷமும் போய்விடும். சின்னப்பாவுக்கும் உடைந்தது. சிலம்பம், பளுதூக்குதல் என்று உடம்பைத் தேற்றிக்கொண்டு, பாட்டைத் திரும்பப் பயின்று, மேடைக்கு மீண்டார். தன் உடம்பையே சாதனமாகக் கொண்டவன் அந்தச் சாதனம் உடைந்தபோது புதிதாக ஒன்றைச் செய்துகொண்டான். எழுத்தாளர்களில் எத்தனை பேருக்கு இந்த நிர்ப்பந்தம் ஏற்பட்டிருக்கிறது? (சினிமாவில் சம்பாதித்துப் புதுக்கோட்டையில் அவர் வாங்கிக் குவித்த வீடுகளின் எண்ணிக்கையைப் பார்த்து, இனி வாங்கக் கூடாது என்று சமஸ்தானமே தடை போட்டதாக ஊரில் ஒரு கதை சொல்வார்கள். நிஜமோ பொய்யோ, நடிகனைப் பற்றி இப்படி ஒரு கதை கிளம்புகிற ஊர் அது.)

ஸ்பெஷல் நாடகத்தை வெளியூர் வாசகருக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும் தனித்தனியாகப் பேசி அமர்த்தப்பட்டு அன்றிரவுதான் மேடையில் சந்திப்பார்கள். ஆர்மோனியமும் மிருதங்கமும் ஓரத்தில். இரவு பத்து மணிக்குமேல் பபூன் வந்து ஆரம்பித்தால் முடிய விடிந்துவிடும். எல்லோரையும் சேர்த்துக் கட்டுவது ஒரே கயிறு: சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) நாடகப் பாடம். அதிலும் 'வள்ளி திருமணம்' இல்லாத திருவிழா சீசன் கிடையாது. மூலம் கந்தபுராணத்தின் கடைசிப் பகுதி. புராணத்திலிருந்து சுவாமிகளின் பாட்டுக்கு, பாட்டிலிருந்து நடிகனின் நாக்குக்கு என்று அது இறங்கி வந்திருக்கிறது.

அதில் மையம் தர்க்கம். தினைப்புனத்தில் கிளி ஓட்டிக்கொண்டிருக்கும் வள்ளியிடம் நாரதர் வந்து பேச்சுக் கொடுக்கிறார், பிறகு முருகன் வேடனாக வருகிறான். கதையில் அடுத்து என்ன நடக்கும் என்பது பாயை விரித்துப் படுத்துக்கொண்டு பார்க்கிற குழந்தைக்கும் தெரியும். அவர்கள் ஒருவரையொருவர் எப்படி மடக்கப்போகிறார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது. சுவாமிகள் எழுதிய வரி ஒன்று வரும், அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் வாதம் நடக்கும். இலக்கணம் வரும், புராணச் சந்தேகம் வரும், அந்த ஊர் ரேஷன் கடைகூட வரும். நான் பார்த்த இரவுகளில் பல, அலுப்பூட்டும் வக்கீல் சண்டையாக முடிந்திருக்கின்றன. அதையும் சொல்லிவிட வேண்டும். சில இரவுகளில், ஒரு பெண் தனியே நிற்கிற நிலத்தில் நுழைகிற ஆணுக்கு அவள் சொல்லும் பதில் என்ற அளவுக்கு அந்தப் பேச்சு கூர்மைப்பட்டு, கந்தபுராணத்திலும் சுவாமிகளிடமும் இல்லாத ஒரு வள்ளி எழுந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். அந்த வள்ளியை எழுதியவர் யாரென்று கேட்டால் பதில் இல்லை.

சுவாமிகள் இதை அறிந்தே செய்தார் என்று நினைக்கிறேன். புராணத்தை அப்படியே மேடைக்கு மாற்றாமல், மேடைக்குத் தேவையான இடைவெளியை விட்டு எழுதியிருக்கிறார். இன்னொருவனின் மூச்சுக்கு இடம் வைத்து எழுதுவது நாவலாசிரியனுக்கு வராத வித்தை. அவன் எல்லாவற்றையும் தானே சொல்லி முடித்துப் பழகியவன்.

நம் தரப்பில் இதைப் புரிந்துகொண்டவராக எனக்குப் படுகிறவர் ந. முத்துசாமி (1936–2018). 'எழுத்து' காலத்துச் சிறுகதைக்காரர். கதையில் காட்சியைக் கண்ணால் தடவித் தடவிச் சொல்கிறவர். நாடகம் எழுதத் தொடங்கியபோது தன் கதைகளை அவர் மேடைக்குத் தூக்கிக்கொண்டு போகவில்லை. புரிசைக்குப் போய்த் தெருக்கூத்தைப் பார்த்தார். உடம்பு எப்படிப் பேசுகிறது என்று கற்றார். 1977-ல் கூத்துப்பட்டறை வந்தது. பிறகு எழுதிய நாடகங்களில் அவருடைய புஞ்சை கிராமத்துக் கதைகள் எதுவும் நேராகத் தெரியாது, ஆனால் ஓர் அசைவை அது முடியும்வரை விடாமல் பார்க்கிற அதே கண் இருக்கும். எடுத்துக்கொண்டு போக வேண்டியது அந்தக் கண் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதே 1977-ல் வெங்கட் சாமிநாதன் எழுத, ஜான் ஆபிரகாம் இயக்கிய 'அக்ரஹாரத்தில் கழுதை' வந்தது. நாவலாகவோ சிறுகதையாகவோ முதலில் இருந்து பிறகு படமானதல்ல அது. திரைக்காகவே ஒரு விமர்சகர் யோசித்தது.

எதிர்ப்பக்கத்தில் புதுமைப்பித்தன் இருக்கிறார். சினிமாவுக்கு வசனம் எழுதப் போய், 'ராஜமுக்தி' வேலையாகப் புனே சென்று, காசநோயோடு திரும்பி 1948-ல் இறந்துபோனார். சினிமா அவரைக் கொன்றது என்று நாம் சொல்லிச் சொல்லி ஒரு புராணமே செய்துவிட்டோம். வசனகர்த்தா என்ற ஒரே நாற்காலியைத்தான் அன்றைய சினிமா அவருக்குப் போட்டது என்பதை அந்தப் புராணம் மறைத்துவிடுகிறது. சாதனத்தைத் தொட அவருக்கு அனுமதியே இல்லை. முப்பது வருஷம் கழித்து அவருடைய 'சிற்றன்னை'யிலிருந்து ஒரு பொறியை மட்டும் எடுத்துக்கொண்டு மகேந்திரன் 'உதிரிப்பூக்கள்' (1979) எடுத்தார். கதை ஏறக்குறைய முழுவதும் வேறு. தாயில்லாக் குழந்தைகளின் மௌனத்தை வசனத்திலிருந்து காமிராவுக்கு மாற்றிய அந்தக் காரியத்தைப் புதுமைப்பித்தனே செய்திருக்கலாம் என்று நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது.

இன்றைக்கு நாற்காலிகள் அதிகம். நாவலாசிரியர்கள் கதை விவாதத்தில் உட்காருகிறார்கள், வெப் சீரிஸுக்கு எழுதுகிறார்கள். சில புதிய நாவல்களை வாசிக்கும்போது அத்தியாயம் அத்தியாயமாகக் காமிரா எங்கே வைக்கப்பட வேண்டும் என்பதுகூடத் தெரிகிறது. பெயர்த்தெடுக்கச் சிரமம் இருக்கக் கூடாது என்று முன்கூட்டியே தொட்டியில் நட்டுவிட்டார்கள். அகிலன் தெரியாமல் செய்ததை இவர்கள் தெரிந்து செய்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம். பாவை விளக்கிலாவது அந்த வாசகி இருந்தாள்.

இதற்கிடையில் தர்க்கத்துக்கும் ஒரு புதிய சாதனம் வந்து சேர்ந்திருக்கிறது. ஸ்பெஷல் நாடகங்கள் இப்போது யூடியூபில் கிடைக்கின்றன. இரவு முழுவதும் ஓடுவதையும் போடுகிறார்கள். தர்க்கத்தை மட்டும், பபூன் காமிக்கை மட்டும் வெட்டியும் போடுகிறார்கள். ஓர் ஊரின் ஓர் இரவுக்காகப் பிறந்த பதிலை, துபாயில் இருக்கும் அந்த ஊர்க்காரர் வேண்டிய இடத்தில் நிறுத்தித் திரும்பக் கேட்கலாம். அதைவிட முக்கியம், நாளை எதிரே நிற்கப்போகிற ஸ்திரீபார்ட்டும் கேட்டுவிட்டு வரலாம். புத்தகமாகாமலே அந்தப் பேச்சு புத்தகத்தின் குணங்களைப் பெற்றுவிட்டது. போன வருஷம் சொன்ன பதிலை இந்த வருஷம் சொன்னால் கூட்டத்தில் ஒருவன் கைப்பேசியை உயர்த்திக் காட்டிவிடலாம். நடிகன் என்ன செய்வான்? மனப்பாடம் செய்த சொல்லுக்குள் ஒதுங்கிக்கொள்ளலாம். தினமும் புதிதாக யோசித்தே தீர வேண்டிய நெருக்கடியில் மாட்டிக்கொள்ளலாம். இரண்டும் நடப்பதாகவே தெரிகிறது.

தன் பழைய பதில்களையெல்லாம் கேட்டுவிட்டுத் தினைப்புனத்தில் காத்திருக்கிற ஒரு வள்ளியையும், அது தெரிந்தே வேடனாக மேடையேறுகிற ஒருவனையும் பற்றி எங்கள் மாவட்டத்திலிருந்து யாராவது நாவல் எழுதலாம். நாடகமாக எழுதினாலும் சரி. அவர் முதலில் சில இரவுகள், தர்க்கம் அலுப்பூட்டுகிற இரவுகள் உட்பட, மேடைக்கு முன்னால் பாயில் உட்கார்ந்து விடிகிறவரை விழித்திருக்க வேண்டியிருக்கும்.